ஐந்தாம் எண் மூடி

மிளகு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஆள் சின்னவள், வாய் காரம். நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

அன்று திங்கட்கிழமை. குப்பை லாரி போனதும் வாசலுக்கு வந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ஐந்தாம் எண் போட்ட அவர்கள் வீட்டுத் தொட்டி மூடியில் இரண்டாவது சிவப்பு அட்டை!

'மக்கும் குப்பையில் துணித் துண்டுகள் கலந்துள்ளன' என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு வாரமாகப் புது விதி. மூன்று அட்டை சேர்ந்தால் நகராட்சி ஒரு மாதத்துக்குத் தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விடும். அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். முட்டை ஓடு மட்டுமே தினம் ஒரு வாளி சேரும். தொட்டி போனால் கேக் வேலையும் நின்றுவிடும்.

"துணி யார் வீட்டுல இருக்கும்?" என்று முதல் வீட்டைப் பார்த்து உரக்கக் கேட்டார் அம்மா.

கழுத்தில் டேப்போடு தையல்காரர் வெளியே வந்தார். "என்னைத்தானே சொல்றீங்க?"

"உங்க துணிய எங்க தொட்டியில எதுக்குப் போடுறீங்க?"

"என் துணிய என் தொட்டியிலதாங்க போடுறேன்! என் மூடியில ஒரு அட்டை உண்டா, பாருங்க!"

மூன்றாம் வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் வாட்ச்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எனக்கு இந்த வம்பே கிடையாது. என் தொட்டி தங்கம்!"

அன்றிலிருந்து அம்மாவும் தையல்காரரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவரில் யார் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் தெருவில் பேச்சு. மிளகுக்கு வருத்தமாக இருந்தது. பள்ளிப் பை கிழிந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்த மாமா அவர். அவர் பொய் சொல்வாரா? அம்மாவும் சொல்லமாட்டாரே!

சனிக்கிழமை சமையலறை டப்பாக்களைக் கழுவும் வேலை மிளகு தலையில் விழுந்தது. மூடிகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கழுவித் துடைத்ததும், மேலே இருந்த மூடியிலிருந்து எடுத்து, முதல் டப்பாவிலிருந்து மூடிக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா அலறினார். "சர்க்கரைன்னு போட்ட டப்பாவுல உப்பு! ஒரு கேக் போச்சுடி!"

மிளகு ஓடிப்போய்ப் பார்த்தாள். பெயர்கள் மூடியில் மட்டும்தான் இருந்தன. கடைசி மூடி முதல் டப்பாவிலும் முதல் மூடி கடைசி டப்பாவிலும் இருந்தன. நடு டப்பா மட்டும் சரியாக இருந்தது.

"நடு டப்பா... நடு வீடு!" என்று துள்ளினாள் மிளகு. அம்மா கையில் கரண்டியோடு விழித்தார்.

ஐந்து வீட்டுத் தொட்டிகளும் ஒரே பச்சை. எண் இருப்பது மூடியில்தான். தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து லாரி உள்ளே வருவதில்லை. லாரிக்காரர்தான் தொட்டிகளை முனைக்கு உருட்டிப்போய்க் கொட்டிவிட்டு, மூடியில் உள்ள எண்ணைப் பார்த்து அந்தந்த வீட்டு வாசலில் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்.

ஞாயிறு மாலை அவள் பேனா மையால் ஒவ்வொரு தொட்டியிலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தந்த வீட்டு எண்ணைச் சின்னதாக எழுதினாள்.

திங்கள் காலை அம்மாவையும் தையல்காரரையும் கையைப் பிடித்து முனைக்கு இழுத்துவந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.

லாரிக்காரர் ஐந்து மூடிகளையும் கழற்றி அடுக்கினார். தொட்டிகளைக் கொட்டினார். "முதல் தொட்டியில மறுபடியும் துணி!" என்று முணுமுணுத்தார். பிறகு அடுக்கின் மேலிருந்து ஒவ்வொரு மூடியாக எடுத்து வரிசையாக மூடினார். முதல் தொட்டிக்கு ஐந்தாம் எண் மூடி வந்தது. பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார்.

"ஒட்டாதீங்கண்ணா!" மிளகு பாய்ந்து மூடியைக் கட்டிக்கொண்டாள்.

"அஞ்சாம் நம்பருக்கு இது மூணாவது, பாப்பா. விதின்னா விதிதான்."

"சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பாருங்க!"

குனிந்தார். அங்கே 1 என்று இருந்தது. கடைசித் தொட்டிக்கு ஓடினார். மூடியில் 1, சக்கரத்தருகே 5!

"ஐயையோ! அடுக்கினதை அப்படியே தலைகீழா மூடியிருக்கேனே!"

தையல்காரருக்கு முகம் வெளுத்தது. "அப்ப அது என் துணிதானா? பருத்தியும் மக்கும்தானேன்னு போட்டுட்டேன். யாரும் வேணாம்னு சொல்லலையே!"

"எப்படி மாமா சொல்வாங்க? உங்க அட்டையெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சே!"

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணா."

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப மூணு அட்டையும் இவருக்குத்தானே? தொட்டிய எடுத்துட்டுப் போகணுமே!"

"அது எப்படி?" மிளகு இடுப்பில் கைவைத்தாள். "அட்டையே எச்சரிக்கைக்குத்தானே? மாமா இன்னும் ஒண்ணுகூடப் படிக்கலையே. இதுதான் அவருக்கு முதல் அட்டை!"

"உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" லாரிக்காரர் சிரித்துக்கொண்டே பழைய இரண்டு அட்டைகளையும் கிழித்துப் போட்டார்.

அன்று மாலை தையல்காரர் வெள்ளை பெயிண்ட் டப்பாவைப் பிடிக்க, மிளகு எல்லாத் தொட்டிகளின் வயிற்றிலும் பெரிதாக எண் எழுதினாள்.

"எனக்கு எதுக்கு? என் தொட்டிதான் எப்பவும் தங்கமாச்சே!" என்றார் வாட்ச்காரர்.

"நடுவுல இருந்தா எந்தத் தொட்டியும் தங்கம்தான் மாமா!" என்று சொல்லிவிட்டு, அதிலும் 3 என்று எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு மூடியிலும் சிவப்பு இல்லை. தெருவுக்கே கேக் செய்தார் அம்மா. சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான்.