கேரி வீட்டுப் பச்சைப் பயங்கரம்!

"ஐயோ...!"

அலறியது பெண் இல்லை.

கருப்பசாமி. வயது முப்பத்து நான்கு. 2000 பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிடாமல் இருக்க ப்ரோக்ராம் எழுதுகிறவன். இப்போது அவனே படுத்துவிடும் நிலையில் இருந்தான்.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுப் படுக்கையறை. வீட்டுக்காரர் கேரி பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு மாதக்கணக்காக மருத்துவமனையில் கிடக்கிறார். சாவி கருப்பசாமியின் மனைவி வசந்தாமணியிடம். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவளை டிபனுக்குக் கூப்பிட வந்தவன்தான் அவன்.

அறையில் கட்டில் இல்லை!

சுவரெல்லாம் அலுமினியக் காகிதம். கூரையில் கண்ணைக் கூச வைக்கும் விளக்குகள். இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய வலை. வலைக்குள் நுழைந்து நுழைந்து பரவிய பச்சைச் செடிகள்.

விரல் விரலாய் விரிந்த இலைகள்...!

வசந்தாமணி நிதானமாக ஒரு கிளையை வளைத்தாள். பூக் கட்டும் நூலால் வலையோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஏனுங்க இப்பிடிக் கத்தறீங்க? செடி பயந்துக்கும்."

"வசந்தா... கைய எடு. அது கஞ்சா!"

"புளிச்சக்கீரைங்க."

"கஞ்சாங்கறேன்! டிவி நியூஸ்ல பாத்திருக்கேன். இதே இலை, இதே லைட்டு!"

"பொறந்ததுல இருந்து கீரையத் தட்டுல மட்டுந்தான் பாத்திருக்கீங்க. உங்களுக்குச் செடியப் பத்தி என்ன தெரியும்? அக்கட்டால நவுருங்க. இந்தக் கொழுந்து மட்டும் மேல துருத்திட்டு நிக்குது."

"நின்னா நிக்கட்டுமே!"

"நிக்கக் கூடாதுங்க. ஒண்ணு ஒசந்தா மத்ததுக்கு வெளிச்சம் போகாது. எல்லாத் தலையும் மேசையாட்டச் சமமா இருக்கோணும்னு கேரி சொல்லிட்டுப் போனாரு. நானும் வாக்குக் குடுத்துட்டேன்."

துருத்திய கொழுந்தை நறுக்கென்று கிள்ளினாள். முந்தானையில் போட்டாள்.

கருப்பசாமியின் பார்வை முந்தானையில் நிலைகுத்தியது.

"கிள்ளுனத... என்ன பண்றே?"

"கீரைக் கடைசல்தான். நேத்து ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே!"

கருப்பசாமி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அதான்... அதான் நேத்து வெதர் சேனலப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சேனா?"

"அது எனக்கெப்பிடிங்க தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை நெவார்க்ல க்ரீன் கார்டு இன்டர்வ்யூ! போதைப்பொருள் கேஸ்னு ஒரு வரி எழுதினாப் போதும்... ஆறு வருஷ உழைப்பு போச்சு. ரெண்டு பேரையும் ப்ளேன் ஏத்திருவான்!"

டொக்! டொக்! டொக்!

"போலீஸ்! கதவைத் திறங்க!"

வசந்தாமணி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "முருகா..." என்று ஒரு வார்த்தை சொன்னாள். போய்த் திறந்தாள்.

ஆறடி உயர டிடெக்டிவ் கோவல்ஸ்கி. கையில் வாரன்ட். பின்னால் இரண்டு சீருடைகள். முன்னால் ஒரு நாய்.

"ஆளில்லாத வீடு. கரன்ட் பில் ஒரு டோனட் கடைக்கு ஆகிறமாதிரி வருது. என்ன நடக்குது இங்கே?" என்று ஆங்கிலத்தில் உறுமினார்.

பொய் சொல்ல வராத மனிதர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்பதற்கு முன்பே உண்மையைக் கொட்டிவிடுவார்கள். கருப்பசாமி இரண்டு கைகளையும் தூக்கினான்.

"சார்! ஐ ஏட் இட்! நேத்து நைட் சாதத்தோட... இன்னிக்கு லஞ்சுக்கும் பேக் பண்ணியாச்சு. போன வாரம் என் மேனேஜருக்கும் ஒரு ஸ்பூன் குடுத்தேன் சார்! அவர் ரெசிபி கேட்டார்!"

டிடெக்டிவ் அவனை விநோதமாகப் பார்த்தார். அறைக்குள் நுழைந்தார்.

நின்றுவிட்டார்.

"மை காட்... இருபது வருஷ சர்வீஸ்ல எத்தனையோ ரூம் உடைச்சிருக்கேன். இவ்வளவு சமமா, அழகா யாரும் வளர்த்து நான் பார்த்ததில்லை!"

"தேங்க்யூ சார்" என்றாள் வசந்தாமணி.

"வசந்தா! வாய மூடு!"

நாயை அவிழ்த்தார்கள். முகர்ந்தது. தும்மியது. கொட்டாவி விட்டது. வசந்தாமணியின் காலடியில் சுருண்டு படுத்தது.

டிடெக்டிவின் புருவம் நெரிந்தது. ஓர் இலையைக் கிள்ளினார். கசக்கினார். மோந்தார். சோதனைப் பெட்டியைத் திறந்து ஏதோ சொட்டு விட்டுப் பார்த்தார். நிறம் மாறவில்லை!

கடைசியில் நாக்கில் வைத்தார்.

முகம் கோணியது. ஒரு கண் மூடிக்கொண்டது.

"புளிக்குது! இது என்ன செடி?"

"எஸ் சார். ஸ்பினாச். சவர் ஸ்பினாச்" என்றாள் வசந்தாமணி. "ரெட் சில்லி, கார்லிக் போட்டு மசிக்கோணும்."

டிடெக்டிவ் இன்னோர் இலையைத் தின்றார்.

"எங்கம்மா போலந்துக்காரங்க. இதுமாதிரி ஒரு புளிப்பு இலையில சூப் வைப்பாங்க. அவங்க போனப்புறம் இந்த ருசி..." கையில் மிஞ்சிய காம்பைப் பார்த்தார். "மேடம்... ஒரு கைப்பிடி கிடைக்குமா?"

வசந்தாமணி முந்தானையில் இருந்ததை அப்படியே பிளாஸ்டிக் பையில் கொட்டினாள். கூடவே கொஞ்சம் பறித்தும் போட்டாள், வலையின் மட்டம் கெடாமல்.

"ஸாரி ஃபார் த ட்ரபிள்" என்று கருப்பசாமியின் தோளைத் தட்டிவிட்டு டிடெக்டிவ் போனார். நாய்தான் கிளம்ப மனமில்லாமல் போயிற்று.

கதவு மூடிக்கொண்டது.

கருப்பசாமி தரையில் உட்கார்ந்து சிரித்தான். அழுதான். மறுபடி சிரித்தான்.

"பாவம் கேரி! கீரை வளத்த மனுஷனப் போய்க் கஞ்சா கடத்தறவர்னு நெனச்சுட்டேனே... சாமி என்னை மன்னிக்கவே மாட்டார்."

வசந்தாமணி தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பினாள்.

"மன்னிப்பாருங்க. கேரி வளத்துனது கஞ்சாதான்."

"வாட்...?!"

"மொத நாளே வாசத்துல தெரிஞ்சுபோச்சு. அத்தனையும் வேரோட புடுங்கி, பினாயில் ஊத்தி, மூட்டை கட்டிக் குப்பைல போட்டேன். சாம்பிராணி புகைச்சேன். அதே தொட்டில நம்ம ஊட்டு வெதையப் போட்டு விட்டேன்."

"அடிப்பாவி! எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு டிடெக்டிவ்கிட்ட அதையும் சொல்லியிருப்பீங்க."

கருப்பசாமி தலையைச் சொறிந்தான்.

"ஆனா... நீ அவர்கிட்டப் பொய் சொன்னியே?"

"இது என்ன செடின்னு கேட்டாருங்க. நெசத்தச் சொன்னேன். முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேக்கலையே!"

"கேரிக்காக ஏம்புள்ள இவ்வளவு ரிஸ்க்?"

"நாம வந்த வருசம் பனில கார் பொதைஞ்சு கெடந்துச்சு. யாருன்னே தெரியாம மம்மட்டிய எடுத்துட்டு வந்து தோண்டிக் குடுத்தவருங்க. ஒடைஞ்ச இடுப்போட அந்த மனுசன் ஜெயிலுக்குப் போனா நமக்குச் சோறு எறங்குமா? வெறும் ரூமப் பாத்தாலும் மனசொடிஞ்சு போயிருவாரு. அதான் வலைய அவுக்கல. சமமாவே வெச்சிருக்கேன்."

கருப்பசாமிக்குக் கண் கலங்கியது. மனைவியின் பச்சை படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டான். சட்டென்று பயம் பிடித்தது.

"நாளைக்கே வந்துட்டா? 'எங்கே என் கஞ்சா'ன்னு சண்டைக்கு வந்தா?"

வசந்தாமணி இன்னொரு கொழுந்தை வலைக்கடியில் செருகினாள்.

"சுடுசோத்துல கடைசலப் போட்டு, நல்லெண்ணெய் ஊத்தி ஒருவாய் குடுப்பேன். அப்புறம் அதை விடமுடியாம நம்ம வாசல்லயே கெடப்பாரு பாருங்க!"