பாதிக் குப்பி

மாலை ஊசிக்காக சர்வேயர் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, காலையில்தான் பிரித்த இன்சுலின் குப்பியில் பாதிதான் இருந்தது.

ஓய்வுபெற்றுப் பத்து வருடமாகியும் தெருவே அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிட்டது. அளவில் பிசகாத மனிதர். குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கசிவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. கூரைத் தகரத்தில் அது விழும் சத்தத்துக்கு அடியில், ஈரத்துணி வாடையும் மருந்து நெடியும் கலந்து வீட்டுக்குள் எங்கிருந்தோ ஊர்ந்து வருவதுபோல இருந்தது.

போன வாரம் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ரத்தத்துல ஒரு புரதம் கூடியிருக்குங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இது ஏறினா ஞாபகம் தடுமாற வாய்ப்பிருக்கு. இனிமே ஊசியை வீட்டுல யாரையாவது போடச் சொல்லுங்க."

அக்காவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பாட்டம் அழுவாள். கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்; எந்த நோயும் அண்டாத உடம்பு. "உன் சர்க்கரையில ரெண்டு ஸ்பூன் குடுடா, டீக்காவது ஆகும்" என்று கிண்டலடிப்பாள்.

வயிற்றைத் தடவிப் பார்த்தார். புதிதாகக் குத்திய தடம் எதுவுமில்லை. விரலில் குத்திச் சோதித்தார். முந்நூற்று நாற்பது.

அப்படியென்றால் மருந்து தன் உடம்புக்குள் போகவில்லை. எங்கே போயிற்று?

அப்போதுதான் உறைத்தது. இந்நேரம் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கும் அக்காவின் சத்தத்தையே காணோம்.

"அக்கா?"

அவள் அறை. பாதி சாத்திய கதவு. வேர்வை நாற்றம். கட்டிலில் தெப்பமாக நனைந்து கிடந்தாள். ஏற்றிவிட்ட ரவிக்கைக் கை. புஜத்தில் சிவப்புப் புள்ளிகள். மூன்று. இல்லை, நான்கு.

"தூங்குறப்ப குத்திட்டியேடா..." நாக்கு குழறியது. "எனக்கு ஏதுடா சர்க்கரை..."

"ஐயோ! இரு அக்கா, சர்க்கரை எடுத்துட்டு வரேன். வாயில போட்டுக்க!"

ஓடினார். சர்க்கரை. சர்க்கரை. அலமாரியைத் திறந்தார். நின்றார்.

எதற்கு வந்தோம்?

மழை. தகரம். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? சர்க்கரை என்று ஏதோ... ஆமாம். சர்க்கரைக்கு ஊசி. அக்கா காத்துக்கொண்டிருப்பாளே.

படபடப்பு அடங்கிற்று. குப்பியில் மிச்சமிருந்ததிலிருந்து ஊசி நிறைய ஏற்றினார்.

அவரைக் கண்டதும் அவள் வாய் திறந்து மூடியது. குரல் வரவில்லை. கை அசையவில்லை. விரல்கள் மட்டும் போர்வையைப் பிராண்டின.

"பயப்படாதக்கா." பஞ்சால் அவள் புஜத்தை மெதுவாகத் துடைத்தார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அவள் கண்கள் ஊசி முனையைவிட்டு நகரவில்லை.