இன்னும் ஒரு வீடு பார்க்கலாம்

விருந்தினர் விடுதி வாசலில் கார் வந்து நின்றபோது வெயில் இன்னும் ஏறவில்லை. ஓட்டி வந்தவர் வீட்டுத் தரகர். இடுப்பில் சாவிகளைக் குலைகுலையாகத் தொங்கவிட்டிருந்ததால் அவருக்குச் ‘சாவிக்கொத்து’ என்று பெயர் விழுந்திருந்தது. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய கலகலச் சத்தம் வந்துவிடும்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் துறை விரிவுரையாளர் வேலை. தற்காலிகம், பகுதிநேரம் என்று ஊர் ஊராக அல்லாடியவளுக்கு ஒருவழியாகக் கிடைத்த நிரந்தர வேலை. கணவன் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவன். அவனுக்குச் சத்தமில்லாத தெரு வேண்டும். அவளுக்குத் துறைக்குப் பக்கத்தில் வேண்டும். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் விடுதி அறையைக் காலி செய்தாக வேண்டும்.

கணவன் காரின் முன் கதவைத் திறக்கப் போனான்.

“சார், சார், பின்னாடியே உக்காந்துக்கோங்க,” என்றார் சாவிக்கொத்து அவசரமாக. “முன் சீட்டு சரியில்ல.”

பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வெறும் சீட்டின் குறுக்கே பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

முதலில் போனது பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதி. இரண்டு பக்கமும் மரங்கள், யாரும் சத்தமாகப் பேசாத தெரு. கணவனின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். கீழே கூடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, மாடிப்படியைக் கை காட்டினார்.

“நீங்களும் மேல போய்ப் பாருங்க. உங்ககூட வந்தவங்க அப்பவே ஏறிட்டாங்க.”

“யாருங்க?”

“அந்தப் பொண்ணுதான். கார்ல முன்னாடி உக்காந்து வந்தாங்களே? வந்ததும் வராததுமா விறுவிறுன்னு மேல போனாங்க.”

கணவன் சிரித்தான். வீட்டுக்காரம்மாவுக்கு வயதாகிவிட்டது, பாவம்.

அப்போது மேலே ஒரு ஜன்னல் திறந்தது. தரையில் மெத்துமெத்தென்று நடக்கும் சத்தம். ஒரு குழாய் திறந்து, கொஞ்ச நேரம் ஓடி, நின்றது. தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கிறவர்கள் செய்வதுபோலவே.

அவள்தான் முதலில் படியேறினாள். மாடியில் யாரும் இல்லை. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. குளியலறைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அறை முழுக்க ஒரு வாடை. புதிதாகப் போட்ட தார், வெயிலில் உருகும்போது வருமே, அந்த வாடை.

தெருவை எட்டிப் பார்த்தாள். பழைய ரோடு. தார் போட்டு எந்தக் காலமோ ஆகியிருந்தது.

“அடுத்ததப் பாத்துடலாமா, மேடம்?” சாவிக்கொத்து படியில் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் சாவிகளைச் சத்தம் வராமல் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அடுத்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு. பளபளவென்று தரை, நல்ல காற்று. பார்த்துவிட்டு லிஃப்டில் இறங்கி வெளியே வந்ததும் காவலாளி எழுந்து நின்றார்.

“அந்தம்மா இறங்கலையா சார்? நாலு பேர்தானே மேல போனீங்க?”

சாவிக்கொத்து லிஃப்டைத் திரும்பிப் பார்த்தார்.

அவர்களுக்குப் பின்னால் லிஃப்ட் மூடிக்கொண்டது. தானாக மேலே போனது. நின்றது. திரும்ப இறங்க ஆரம்பித்தது.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

தார் வாடை முகத்தில் அடித்தது. கதவு மூடாமல் அப்படியே நின்றது, யாரோ வாசலில் வழிவிடச் சொல்லி நிற்பதுபோல. சாவிக்கொத்து மெல்ல ஒதுங்கி வழிவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

“இதோ வந்துட்டாங்களே,” என்றார் காவலாளி, நிம்மதியாக.

வெளியே நின்ற கார் முன்பக்கத்தில் லேசாக ஒரு தரம் அமுங்கியது.

பெட்ரோல் பங்கில் கார் நின்றதும் கணவன் தரகரைக் கையைப் பிடித்துக் காற்றடிக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

“யாருய்யா அது?”

“மெதுவாப் பேசுங்க, சார்.” சாவிக்கொத்து காரைத் திரும்பிப் பார்த்தார். “மேடத்தோட வேலைக்கு முதல்ல அவங்களைத்தான் எடுத்தாங்க. இதே கார்லதான் வீடு பாக்கக் கூட்டிட்டுப் போனேன். அந்தச் சீட்டுலதான் உக்காந்திருந்தாங்க. எதைக் காட்டினாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. ஆனா, இன்னும் ஒரு வீடு பாக்கலாமேன்னுவாங்க. சாயங்காலம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு போர்டப் பாத்துட்டு, இதையும் பாத்துட்டு வந்துடறேன்னு இறங்கினாங்க. லாரிக்காரன் பாக்கல. அப்பதான் தார் ஊத்தி முடிச்ச ரோடு…”



“இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றாள் அவள்.

“கார்ல வெச்சு எப்படி மேடம் சொல்றது? அவங்க இருக்காங்களே.”

“வீடு பாக்க யார் வந்தாலும் வருவாங்களா?”

“இல்ல. அந்த வேலைக்கு வர்றவங்க வந்தா மட்டுந்தான். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். அவங்க இறங்கிப் பாத்த வீட்டையே எடுத்தார். ஒரு மாசம் தாங்கல. வேலையையே விட்டுட்டுப் போயிட்டார். அதனாலதான் மேடம் அந்த இடம் திரும்பவும் காலி.”

கணவன் அவள் தோளைத் தொட்டான். “ஏம்மா, வா, திரும்பிப் போயிடலாம். இந்த வேலையே வேண்டாம்.”

திரும்பி எங்கே போவது? எத்தனை ஊர், எத்தனை தற்காலிகம். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. என் வேலை இது.

“அவங்களுக்குப் பிடிக்காத ஏரியா ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

சாவிக்கொத்து விழித்தார். “பஸ் டிப்போ பக்கம். அங்க மட்டும் கார விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. புகை, சத்தம்…”

காரின் ஹாரன் ஒருமுறை அடித்தது.

பொறுமை இழந்த யாரோ கூப்பிடுவதுபோல, சின்னதாக.

டிப்போவை ஒட்டிய தெருவில் வாய்விட்டுக் கத்தினால்தான் பேச முடியும். மேம்பாலத்தின் நிழல் பகலிலேயே வீடுகளை மூடியிருந்தது. காலியாக இருந்தது ஒரு மாடி வீடு, சுவரெல்லாம் ஓதம். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். கையில் டெஸ்டரோடு வாசலுக்கு வந்தார்.

“ரெண்டு பேரும் வாங்க, வாங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். முன் சீட்டில் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. கார் அசையவில்லை.

“இந்த வீடே போதும்,” என்றாள்.

“ஏம்மா, எனக்கு இங்க எப்படி வேலை ஓடும்?” என்று கணவன் அழாத குறையாகக் கேட்டான்.

“காதுல பஞ்சு வெச்சுக்கோங்க.”

அவன் பஞ்சு வைத்துக்கொண்டான். குடிவந்த பிறகு அவள் எது சொன்னாலும் “என்ன?” என்றுதான் கேட்டான். ஜன்னலைத் திறந்தால் கரி, மூடினால் புழுக்கம். அவளுக்கு முதலில் தூக்கம் பிடிக்கவில்லை. மாடியில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்தாள்; மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வாடை பார்த்தாள். டீசல் புகைதான் வந்தது. அந்தப் புகையே அவளுக்கு ஆறுதலாகிவிட்டது. பருவத் தேர்வு வந்தது, போனது. மாணவர்களோடு வயல்வெளிக்குப் போய் மண் தோண்டிவிட்டு வந்தாள். நாளாக ஆக அவளுக்கு நன்றாகவே தூக்கம் வந்தது. எமகாதகி, பேயையே ஏமாற்றிவிட்டாய் என்று கணவன் கிண்டல் செய்தான்.

ஒரு சாயங்காலம் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். டிப்போவில் என்னவோ வேலைநிறுத்தம். ஒரு பஸ்கூட ஓடவில்லை. அந்தத் தெருவில் அவள் கேட்டறியாத அமைதி. கணவன் பஞ்சை எடுத்துவிட்டு வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். எலக்ட்ரீஷியனின் மனைவி துணியை மடித்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“எதிர் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. உங்க துறையில வேலை பாக்கிறவங்களாமே? சொல்லவேயில்லையே நீங்க?”

அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஊரெல்லாம் தேடிட்டாங்களாம், பாவம். இந்த ஏரியாவ முதல்ல வேண்டாம்னுதான் நினைச்சாங்களாம். அப்புறம், உங்க பேரச் சொல்லி, அவங்களே பாத்துப் பாத்து எடுத்த இடம்னா நல்லாத்தானே இருக்கும்னு வந்துட்டாங்களாம்.”

“எதிர் வீட்டுக்கா?” எலக்ட்ரீஷியன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “உளறாதே. அந்த வீடு பூட்டியே கிடக்கு. கரண்டே இல்ல. லைன நான்தானே புடுங்கினேன்.”

எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது.

கணவன் எழுந்து அவள் பக்கம் வந்தான். அவள் கையைப் பிடித்தான். “உள்ள வா,” என்றான், உதடு மட்டும் அசைய.

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். காற்றில் டீசல் இல்லை. வேறொரு வாடை தெருவைத் தாண்டி மெல்ல வந்துகொண்டிருந்தது.

எதிர் ஜன்னலின் கதவு திறந்தது. உள்ளே வெளிச்சம் மட்டும். அங்கிருந்து ஒரு பெண்குரல், புதிதாகக் குடிவந்தவர்களுக்கே உரிய கூச்சத்தோடு கேட்டது.

“காலையில எத்தன மணி பஸ்ஸுக்குப் போவீங்க, மேடம்? நானும் கூடவே வந்துடறேன்.”