குட்டியைக் கெடுத்தது யார்?

விடிந்தும் விடியாத நேரம். சமையலறைத் தரையில் ரத்தச் சொட்டு.

போலீஸ் ஏட்டம்மா குனிந்து பார்த்தாள். சொட்டுகள் குளியலறைக் கதவு வரை போயிருந்தன. கதவைத் தட்டினாள்.

"பல் தேய்க்கிறேம்மா," என்றாள் உள்ளே இருந்த மகள்.

"தேய்க்கிற கை வேணாம். இன்னொரு கையைக் காட்டு."

மணிக்கட்டில் ஊசி குத்தியது போலப் பொட்டுகள். ஒன்றில் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து குற்றவாளி வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. மூன்று மாத நாய்க்குட்டி.

அடுப்பில் பொங்கிய பாலை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு அவள் கணவர் எட்டிப் பார்த்தார். செங்கல் சூளையில் வேலை. சூளைக்கு நெருப்பு வைத்தால் நாலு நாள் அங்கேயேதான் படுக்கை. முந்தின நாள் மாலைதான் திரும்பியிருந்தார்.

"சாயங்காலம் இதை எடுத்த இடத்துலயே விட்டுடறேன். நாய் வளக்கலாம், வம்பு வளக்க முடியாது."

மகள் அழவில்லை. குட்டியின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் ஏட்டம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

செய்யாதது ஒன்றுமில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அப்படியே செய்தார்கள். பல் தோலில் பட்டதும் "ஆ" என்று சொல்லி விளையாட்டை நிறுத்த வேண்டும். கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எழுந்து முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அடங்கியதும் கடிக்கக் கயிற்று முடிச்சு. அடி கிடையாது. "வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். ஒருத்தர் விட்டாலும் போச்சு," என்றிருந்தார்.

நாலு நாள் தங்கம். அஞ்சாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஸ்டேஷனில் ரவுடியை ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவள், ஒரு முழம் குட்டியிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"யாரோ கெடுக்கிறீங்க," என்றாள். "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கிறேன்."

மகளின் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டு வந்ததும் விசாரணை தொடங்கியது. முதல் ஆள் ஏட்டம்மாவின் தம்பி. செல்போன் பழுது பார்க்கிறவன். இன்னும் போர்வைக்குள் இருந்தான்.

"கையை நீட்டு."

"நான் என்ன பிக்பாக்கெட்டாக்கா?"

"நீட்டுடா."

விரல் முழுக்கக் கீறல்.

"கட்டிலுக்கு அடியில கிழிஞ்ச சாக்ஸ். யாருது?"

"என்னுதுதான். சும்மா இழுத்து விளையாடுவோம்."

"பல்லு கையில பட்டா?"

"உயிர் போயிடும். நான் கத்துற கத்துல பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டுவார்."

"கத்தினா அது என்ன பண்ணுது?"

"விட்டுட்டு உக்காந்து முழிக்கும்."

சாக்ஸைக் குப்பையில் வீசினாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. இப்படிக் கத்துகிறவனிடம் குட்டி கெடாது.

அடுத்தது கணவர். கேட்பதற்குள் இரண்டு கையையும் விரித்தார்.

"பாத்துக்கோ. ஒரு கீறல் உண்டா? என்கிட்ட வாலாட்டாது ஏட்டம்மா. பயம் வேணும். நீங்கல்லாம் கொடுக்கிற செல்லம்."

உண்மைதான். கை சுத்தம். அவரை விட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது மகளும் தானும். பகலெல்லாம் தன்னையே சந்தேகித்தாள். எரிச்சல் மண்டைக்கு ஏறியதுதான் மிச்சம்.

மாலை. குட்டியைக் கொண்டுபோகக் கணவர் ஒரு கூடையோடு வந்தார். "கொஞ்சம் முதுகைச் சாய்ச்சிட்டுக் கிளம்பறேன்," என்று கட்டிலில் சரிந்தார். ஒரு கை தரையைத் தொட்டுத் தொங்கியது. மச்சினனிடம் மேஸ்திரியைத் திட்ட ஆரம்பித்தார்.

ஏட்டம்மா வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"என்னங்க, குட்டி எங்க?"

"இங்கதான் எங்கயாவது படுத்திருக்கும்."

குட்டி அவருடைய சுண்டு விரலைக் கடைவாயில் வைத்து எலும்பு மாதிரி அரைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, கீழ பாருங்க," என்றான் தம்பி.

"கெடுத்தது நீங்க," என்றாள் ஏட்டம்மா.

"நானா? என் கையில கீறல்கூட இல்லைன்னு நீதானே பாத்தே?"

"அதான் தடயம். ஒரே வீடு, ஒரே குட்டி. எங்க எல்லார் கையிலயும் பல்லு பதிஞ்சிருக்கு, உங்க கை மட்டும் எப்படி சுத்தம்? காலையில அதை நல்லதுன்னு எடுத்துக்கிட்டது என் தப்பு. சுடு செங்கல் எடுத்து எடுத்துக் காய்ச்சுப் போன கை. பொங்குற பாலை வெறுங்கையில இறக்கினீங்க, சுடலை. அந்தக் கையில பால்பல் எங்க இறங்கும்?"

அவர் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

"நீங்க சூளையில படுக்கிற நாலு நாளும் இது தங்கம். நீங்க வந்த மறுநாள் பேய். எவ்வளவு கடிச்சாலும் சத்தம் போடாத கை ஒண்ணு இருக்கு. கைன்னா இவ்வளவு அழுத்தலாம்னு இது படிச்சுக்கிச்சு. அதே அழுத்தத்தை பாப்பா கையில போட்டுது."

அவர் எச்சில் வழிந்த கையைத் தூக்கி, வேறு யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்தார்.

"வேணும்னு விடலை. கடிச்சதே தெரியலை."

"தெரியும். அதான் எரிச்சலே. யாரைப் போய்த் திட்டுறது?"



"மாப்ள," என்றார் அவர், "அந்தக் கூடையை எடுத்துப் பரண்ல போடு."

மகள் ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, கையைக் கீழ விடுங்க. நான் சொல்றப்போ சத்தம் போடுங்க."

குட்டி வாயைத் திறந்தது.

"இப்ப."

"ஆ," என்றார், வராத பாடத்தை ஒப்பிக்கிறவர் போல. குட்டி சட்டென்று விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"எழுந்து முதுகைக் காட்டி நில்லுங்க."

நாளெல்லாம் கல் சுமந்தவர் முனகிக்கொண்டே எழுந்து சுவரைப் பார்த்து நின்றார்.

"தினமும் இப்படியா?"

"தினமும்," என்றாள் ஏட்டம்மா.

"எவ்வளவு நேரம்?"

குட்டி பின்னால் போய் அவருடைய வெடித்த குதிகாலைக் கவ்வியிருந்தது. அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். மகள்தான் அவருக்காக "ஆ" என்றாள்.