பிரின்சிபாலை விற்றவன்

மகளின் பசுமாட்டை அவன் விற்றது மூக்கைச் சொறிந்துகொண்டிருந்த நேரத்தில்.

டிவியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய விவசாய கேம். யாரோ ஒரு பொறுமைசாலி அதை மேடைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். அவனோ, வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, "நல்லா படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க சார்" என்று பாலிசி விற்கிற இன்சூரன்ஸ் ஏஜென்ட். கேமில் யாராவது பேச வந்தால் மட்டும் ஒரு வரிகூடப் படிக்கமாட்டான். ஊர்த்தலைவர், கொல்லர், விதைக்கடைக்காரம்மா, யார் வந்தாலும் அவன் கட்டைவிரல் சிவப்புப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும். பாவம், அவர்களும் திறந்த வேகத்தில் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். மாட்டு வியாபாரியும் அப்படித்தான் வந்தான். பெரிய தொப்பி, தொப்பிக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம். ஏதோ கேட்டான். தட், தட், தட். மாடு வண்டியேறிவிட்டது.

மாட்டின் பெயர் பிரின்சிபால். எப்போதும் முறைத்துக்கொண்டே இருப்பதால் மகள் வைத்த பெயர். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பள்ளி முகாமுக்குக் கிளம்பும்போது, "அப்பா, புல்லு போடணும், தடவிக் குடுக்கணும், ஒரு தடவ பேசணும். வேற எதையும் நோண்டக் கூடாது" என்று விரல் நீட்டி எச்சரித்துவிட்டுத்தான் போனாள். கன்றுக்குட்டியிலிருந்து அவள் வளர்த்த மாடு. அவளோ இன்று மாலை திரும்பி வருகிறாள்.

மனைவி ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே ஹாலுக்குள் வந்தாள். "ஏங்க, வாலு வந்ததும் அந்த மாட்டைத்தான் முதல்ல பாப்பா. ஒழுங்கா இருக்கில்ல?"

"மகாராணி மாதிரி இருக்கு."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

"என் மூஞ்சி பொறந்ததுலேருந்தே இப்படித்தான். நீ கிளம்பு, பஸ் வந்துடும்."

கதவு சாத்தியதும் டிவிமுன் முட்டிபோட்டான். நாற்பதைத் தாண்டிய ஆள், கட்டம் கட்டமாக வரைந்த ஒரு மாட்டுக்காகக் கேம் முழுக்க ஓடினான். தக்காளிச் செடிகளை மிதித்தான், ஊர்த்தலைவரை இடித்துத் தள்ளினான். வியாபாரி ஊர் எல்லையில் வண்டியோடு நின்றிருந்தான். அவன் பேசப் பேச, இவன் கட்டைவிரலும் தன் வேலையைப் பார்த்தது. இரண்டு பெட்டிகள் வந்தன. ஆம். இல்லை. ஆம் என்பதைத் தட்டியபிறகுதான், நடுவில் நீளமாக என்னவோ ஓடியதே என்று தோன்றியது. கண்ணில் பட்டது கடைசி வரி மட்டும்.

'மகிழ்ச்சி. மாலைக்குள் உங்கள் மாடு உங்கள் வீடு வந்து சேரும்.'

"அப்பாடா" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது ஹாலில் ஏதோ மாறியிருந்தது. வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம், ஜன்னல் கண்ணாடியில் சாயங்கால வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போலத் தேங்கியிருந்தது, ஃபேன் வழக்கம்போல முனகிக்கொண்டு சுற்றியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், சோபாவுக்குப் பின்னாலிருந்தோ சுவரிலிருந்தோ, ஈர வைக்கோலும் சாணமும் கலந்த ஒரு வாசனை, மூச்சு விடுகிற எதனுடைய உடம்புச் சூடோ ஏறியதுபோல, மெதுவாக அறையை நிறைத்துக்கொண்டிருந்தது. குப்பைக் கூடையை முகர்ந்து பார்த்தான். தன் சட்டையையும் முகர்ந்து பார்த்தான். வழக்கமான வாசனைதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

திரையில் தொழுவம் காலியாகவே இருந்தது.

வியாபாரி இன்னும் எல்லையில்தான் நின்றிருந்தான். வண்டியில் இப்போது ஒரு கன்று. சின்னது, பழுப்பு நிறம். இந்தக் கேமில் மாடுகள் இடப்பக்கம் பார்க்கும், இல்லாவிட்டால் வலப்பக்கம் பார்க்கும். அதற்குமேல் வரைய யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. இந்தக் கன்று நேராகப் பார்த்தது. அவனை.

பட்டனைத் தட்டினான்.

'இன்று காற்று இதமாக வீசுகிறது.'

மறுபடி தட்டினான். 'இன்று காற்று இதமாக வீசுகிறது.'

"யோவ், காத்து கிடக்கட்டும். என் மாடு எங்க?" டிவியோடு வாய்விட்டுச் சண்டை போடுகிறோமே என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கன்று தன் இடது காதை ஆட்டியது. நிறுத்தியது. மறுபடி இடது காதை மட்டும்.

வாலுவுக்குப் பயம் வந்தால் இடது காதைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். ஊசி போடும்போது. கரண்ட் போனால்.

சுவிட்சை அணைத்தான். மறுபடி போட்டான். அதே எல்லை, அதே வண்டி. கன்று மட்டும் வண்டியின் விளிம்புவரை வந்திருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"பஸ் வந்துடுச்சு. கிளம்பிட்டோம். என்னங்க, இவ ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேங்கறா."

"தூக்கக் கலக்கமா இருக்கும்." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "உடம்பு சுடுதா?"

"கொதிக்குது. வழி பூரா எதையோ மென்னுக்கிட்டே வந்தாளாம், டீச்சர் சொன்னாங்க. வாயத் தொறந்து பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

பின்னால் வண்டிகளின் சத்தம். அதற்கும் பக்கத்தில், போனுக்கு வெகு அருகில், நீளமான, ஈரமான ஒரு பெருமூச்சு.

"அவகிட்ட போனைக் குடு. ஒரு தடவ அப்பான்னு சொல்லச் சொல்லு."

"வந்து கொஞ்சிக்கோங்க. மழை வருது." போன் கட்டானது.

எதற்கு ஆம் சொன்னோம்? நீளமாக ஓடிய அந்த வரிகளில் என்ன இருந்தது? என் தலையைக் கேட்டிருப்பான் என்று சொல்லிப் பார்த்தான். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. என்னை எடுத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் வழுக்கை, கொஞ்சம் சர்க்கரை, மற்றபடி நல்ல உருப்படிதான். "நான் வரேன்" என்று திரையிடம் சொன்னான். "நான் வரேன்யா. என்னை ஏத்திக்கோ."

'இன்று காற்று இதமாக வீசுகிறது.'

மாடிப்படியில் காலடி. மனைவியின் செருப்புச் சத்தம், விறுவிறுவென்று. அதன் பின்னால் இன்னொன்று. கனமாக. ஒவ்வொரு படியிலும் தயங்கி.

கதவு திறந்தது. வாலு நின்றாள். அதே சட்டை, அதே பை, சிவந்த முட்டியில் ஒட்டிய பிளாஸ்திரி. தாடை பக்கவாட்டில் அசைந்தது. மெதுவாக. இமைக்காமல் அவனை முறைத்தாள்.

"பாத்தீங்களா? இப்படியேதான் இருக்கா. இருங்க, மாத்திரை எடுத்துட்டு வரேன்" என்று மனைவி உள்ளே போனாள்.

அது நேராக அவனிடம் வந்தது. நெற்றியை அவன் விலாவில் முட்டி, தேய்த்தது. பழக்கதோஷம், அவன் கை தானாகவே தலையைத் தடவியது. முடிக்கு அடியில் தோல் துடித்தது, ஈ விரட்டுவதுபோல. அது திருப்தியாக மூச்சுவிட்டது. அதே வாசனை.

திரையில் கன்றின் தலைக்குமேல் ஒரு பெட்டி திறந்தது. கேமில் மாடு பேசினால் 'ம்மா' என்றுதான் வரும்.

'அப்பா'

கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. தட்டவில்லை. இந்த முறை தட்டவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'அப்பா கயிறு வலிக்குது'

"அண்ணே." முகமில்லாத கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினான். "அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன். படிக்கலண்ணே. இத எடுத்துக்கோங்க, அவள இறக்கிவிடுங்க. அவள எங்கண்ணே கூட்டிட்டுப் போறீங்க? எங்க போகுது இந்த வண்டி?"

வண்டி நகர்ந்தது. ஒரு கட்டம். இன்னொரு கட்டம். கன்று திரும்பித் திரும்பிப் பார்த்தது, இடது காது நிற்காமல் ஆடியது. திரையின் ஓரத்தைத் தொட்டபோது வியாபாரி நின்றான். தொப்பி லேசாக இவன் பக்கம் சாய்ந்தது. மேடைத் தமிழ் இல்லை.

'எங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல சார். கறிக்குத்தான்.'