காணாமல் போன மூக்கு உறை

காலை 11.40. போர் விமானத்தின் மூக்கில் இருக்க வேண்டிய சிவப்பு உறையைக் காணவில்லை.

விமானத்தின் மூக்கு நுனியில் மெல்லிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும் வேகத்தை அளந்து விமானிக்குச் சொல்வது அதுதான். தரையில் நிற்கும்போது அதற்குள் பூச்சியோ தூசியோ போகாமலிருக்க ஒரு துணி உறை மாட்டுவார்கள். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று அதில் ஒரு சிவப்புப் பட்டை தொங்கும். கைக்குட்டை அளவு சமாச்சாரம். ஆனால் அது எங்கே என்று தெரியாதவரை எஞ்சினைத் தொடக்கூடாது. எஞ்சினின் வாய்க்குள் கிடந்துவிட்டால் உள்ளே எல்லாம் சுக்குநூறாகிவிடும். பன்னிரண்டரைக்கு இந்த விமானம் பறக்க வேண்டும். விமானத் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில், கூட்டம் கேமராவும் கையுமாக அதற்காகத்தான் காத்திருந்தது.

பொறியியல் அதிகாரி அந்த விமானத்துக்குப் பொறுப்பான டெக்னீஷியன் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில உறையை மாட்டினியா, இல்லையா?"

"மாட்டினேன் சார்."

"அப்போ எங்க?"

"தெரியல சார். விமானிகிட்ட பேசிட்டு வர்றதுக்குள்ள காணோம்."

"மாட்டவே மறந்துட்டு கதை விடாத. இன்னைக்கு இது பறக்கலைன்னா, நாளையிலிருந்து நீ கிடங்குல உட்கார்ந்து திருகாணி துடைக்கலாம்."

கயிற்று வேலிக்கு வெளியே நின்ற பல் டாக்டரம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. டெக்னீஷியன் அவர் பெற்ற பெண். விமானங்களைப் படம் பிடிக்கும் பைத்தியம் அம்மாவுக்கு. அந்தப் பைத்தியத்தோடு ஊர் ஊராக இழுபட்ட மகள் விமானத்தையே பழுது பார்க்கப் போய்விட்டாள். இந்தப் பெருமையை, வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்ட நோயாளிகளிடமெல்லாம் டாக்டரம்மா சொல்லித் தீர்த்திருந்தார். அவர்களால் மறுத்துப் பேசவும் முடியாது.

அந்த நேரம் பார்த்து வெகு தூரத்தில், குன்றுகளுக்கு மேலே, மூன்று ஹெலிகாப்டர்கள் வரிசையாக வந்தன. கூட்டத்திலிருந்த நீள லென்ஸ்கள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. டாக்டரம்மாவின் கையும் பழக்கதோஷத்தில் உயர்ந்தது. கயிற்றுக்கு உள்ளே, தளத்தின் சொந்தப் படக்காரர், இடுப்பில் லென்ஸ் பை புடைத்துத் தொங்க, குட்டி லென்ஸால் படபடவென்று எடுத்துத் தள்ளினார். அவர் எடுக்கும் படங்கள்தான் ஒவ்வொரு வருஷமும் தளத்தின் காலண்டரில் வரும். அதனால் அவருக்குப் பெயரே காலண்டர்.

ஹெலிகாப்டர்கள் மறைந்தன. கேமராவைக் கீழே இறக்கிய டாக்டரம்மா, காலையில் எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து, கயிற்றுக்கு மேலே நீட்டினார்.

"சார், ஒரு நிமிஷம். நான் இவளோட அம்மா. இதைப் பாருங்க. ஒன்பதே காலுக்கு எடுத்தது."

திரையில் விமானத்தின் மூக்கு. அதில் சிவப்பு உறை, பட்டையோடு.

அதிகாரி இரண்டு தடவை பார்த்தார். "சரி, மாட்டியிருக்கா. ஒத்துக்கறேன். அப்போ எடுத்தது யாரு?"

"கயிற்றுக்கு உள்ள யாரெல்லாம் இருந்தாங்க?"

"உங்க பொண்ணு. அந்தக் காவல் வீரர். அப்புறம் நம்ம காலண்டர்."

"நான் கேட்டுப் பாக்கலாமா?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கயிற்றைத் தூக்கிவிட்டார்.

காவல் வீரர் பாக்கெட்டுகளை வெளியே இழுத்தே காட்டினார். "நான் ஜனங்களைப் பாத்து நின்னேன் மேடம். விமானம் என் முதுகுப் பக்கம். பின்னாடி நடந்தது எனக்குத் தெரியாது."

காலண்டர் கேமராவை நீட்டினார். "தாராளமா பாருங்க டாக்டரம்மா. நான் இன்னைக்குக் கூட்டத்தைத்தான் எடுத்தேன்."

"ஹெலிகாப்டர் எடுத்தீங்களே?"

"ஆமா, எடுத்தேன்."

"காட்டுங்க."

காட்டினார். பரந்த நீல வானம். அதில் மூன்று புள்ளிகள். கொசு என்றாலும் நம்பலாம்.

டாக்டரம்மா சிரித்தார். சொத்தைப் பல் எது என்று தெரிந்துவிட்ட சிரிப்பு.

"சார், திருடன் வந்து இந்த உறையை எடுக்கமாட்டான். அவனுக்கு அது எதுக்கு? அழகான படத்துல சிவப்பா ஒண்ணு தொங்குதேன்னு எரிச்சல்படற ஆள்தான் எடுப்பான். எங்க கூட்டத்துக்கே உள்ள வியாதி அது. எனக்கும் காலையில கை துறுதுறுன்னுச்சு; கயிறு தடுத்துடுச்சு. இவரைத் தடுக்கக் கயிறு இல்ல. காலண்டருக்குச் சுத்தமான மூக்கு வேணும். ஜனங்க வேற பக்கம் பாத்த நேரத்துல உறையைக் கழட்டிப் படம் எடுத்துட்டாரு. மறுபடி மாட்டறதுக்குள்ள என் பொண்ணு வந்துட்டா."

"இது அபாண்டம்!" என்றார் காலண்டர். "அப்படின்னா அந்தப் படம் எங்க?"

"அழிச்சிருப்பீங்க. அதை விடுங்க. அவ்வளவு தூரத்துல ஹெலிகாப்டர் போகுது. இடுப்புல நீள லென்ஸ் தொங்குது. அதை எடுக்காம எந்தப் படக்காரராவது குட்டி லென்ஸால வானத்தை எடுப்பாரா? சுத்தி இத்தனை கேமரா பாத்துட்டிருக்கு, எங்கயும் தூக்கிப் போட முடியல. அந்தப் பையைத் திறந்தா லென்ஸுக்கு முன்னாடி வேற ஒண்ணு வெளிய வந்துடும். திறங்க. வலிக்காது."

காலண்டர் திறக்கவில்லை. அதிகாரி திறந்தார். முதலில் வந்தது சிவப்புப் பட்டை.

"திருப்பி வச்சிடலாம்னுதான் சார் இருந்தேன்," என்றார் காலண்டர். "நீங்க கத்த ஆரம்பிச்சதும் பயந்துட்டேன்."

"உன் பயத்துக்கு அந்தப் பொண்ணு வேலை போகணுமா? ஆபீஸ்ல போய் உட்காரு. வர்றேன்." அதிகாரி உறையை டெக்னீஷியன் கையில் கொடுத்தார். "தப்பா பேசிட்டேன்மா. சரி, கிடைச்சாச்சு. கிளப்பிடலாம்."

"முடியாது சார்."

"என்னது?"

"குழாய் எவ்வளவு நேரம் திறந்து கிடந்ததுன்னு தெரியாது. உள்ள எதாவது போயிருக்கலாம். நான் பாக்கணும்."

"ஜனங்க காத்திட்டிருக்காங்க. ஒரு பூச்சிக்காகவா?"

"ஒரு பூச்சி போதும் சார், விமானிக்கு வேகம் தப்பாத் தெரியறதுக்கு."

சற்று முன்பு அவளைக் கிடங்குக்கு அனுப்பப் பார்த்த மனிதர் அவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரி ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

"பறக்கறது தாமதமாகும்னு சொல்லுங்க. டெக்னீஷியன் இன்னும் சரின்னு சொல்லல."

மகள் டார்ச்சும் கருவிகளுமாக ஏணியில் ஏறினாள். பன்னிரண்டரை தாண்டியது. அவள் அவசரப்படவில்லை.

டாக்டரம்மா கயிற்றுக்கு வெளியே தன் பழைய இடத்துக்கு வந்து நின்றார். பெருமை தாங்கவில்லை, கண் கலங்கி, கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வெயிலில் வெந்துகொண்டிருந்த ஒருவர் சலித்துக்கொண்டார்.

"யாருங்க அது, ஏணி மேல? எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கு?"

"என் பொண்ணு," என்றார் டாக்டரம்மா, நாலு வரிசைக்குக் கேட்கும்படி. "அது சரின்னு சொன்னாதான் பறக்கும்."