குட்டி டிராக்டரும் ஆத்தா திட்டும்

"என்ன சொன்னிய அண்ணே? இன்னொரு தடவ சொல்லுங்க!"

வெல்டிங் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டபடி தில்லைநாயகி வாசலுக்கு ஓடி வந்தாள். நண்டு விற்க வந்த தாவூது மிரண்டுபோனான். நண்டில் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தான்.

"ஆத்தா திட்டுப் பக்கம் போனேன், சேறு இடுப்புக்கு வந்துட்டு, திரும்பிட்டேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுக்கு ஏன் தங்கச்சி இப்படிப் பாயிற?"

"ஆத்தா திட்டா? அது எங்க இருக்கு?"

"கொக்குமேடுதான். சதுப்புக்கு நடுவுல மேடா ஒரு திட்டு இருக்குல்ல? எங்க வாப்பா காலத்து ஆளுவ எல்லாம் அதை ஆத்தா திட்டுன்னுதான் சொல்லுவாக."

தில்லையின் கையிலிருந்த வெல்டிங் ராடு தரையில் விழுந்தது.

புயல் அடித்த அன்று சாயங்காலம் கடலுக்குப் போயிருந்த அப்பா காத்தமுத்துவிடமிருந்து ஒரு போன் வந்தது. ஒரே காற்றிரைச்சல். அதற்குள் இரண்டே வார்த்தை: "ஆத்தா திட்டு..." அத்தோடு இணைப்பு அறுந்துவிட்டது.

தில்லையின் அம்மா அஞ்சலையின் வாய் ஊரறிந்த வாய். காத்தமுத்து நேரங்கழித்து வந்தால் திட்டு, நனைந்து வந்தால் திட்டு, வெறுங்கையோடு வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கரையேறியதும் மனிதர் மகளுக்குத்தான் முதலில் போன் போடுவார். "ஆத்தா திட்டுவா, நீ கொஞ்சம் பக்குவமாச் சொல்லி வையி." அன்றும் அதேதான் என்று தில்லை சிரித்தாள். "அப்பா கரைக்கு வந்துட்டாங்கம்மா! நீ திட்டுவேன்னு பயந்துக்கிட்டு எங்கியோ நிக்கிறாங்க" என்றாள். அஞ்சலை உலை வைத்தாள். அந்த நம்பிக்கையில் அன்றைக்கு ஒருவரும் தேடிப் போகவில்லை. மறுநாள் போனவர்கள் கடலில் தேடினார்கள்.

இது நடந்து ஏழு மாதம். அஞ்சலை அதன்பிறகு யாரையும் திட்டவில்லை, அழவுமில்லை. "கண்ணால பாக்காம பொட்டை அழிக்க மாட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். விடிந்ததும் அதைத் தானே தின்பாள். அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று.

"அண்ணே, அப்பா அங்கதான் இருக்காங்க" என்றாள் தில்லை. "நான் போயிக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டாள். போவது எப்படி? புயலில் வாய்க்கால் தூர்ந்துவிட்டதால் படகுக்குத் தண்ணீர் போதாது. நடக்கிறவனையோ சேறு விழுங்கிவிடும். உழவு டிராக்டர் இறங்கினால் அதன் கனமே அதற்கு எமன். ஊர்ப் பெரியவர்கள், "ரெண்டு வார்த்தைய நம்பி எவன் சேத்துல எறங்குவான்?" என்று கையை விரித்தார்கள்.

தென்னந்தோப்பு பங்களா ஒன்றில் புல் வெட்டுகிற குட்டி டிராக்டர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. தோட்டத்துக்கென்றே செய்த பொடிசு, எருமைக் கன்று உயரம்தான் இருக்கும். தோப்புக்காரரின் உடைந்த கேட்டைப் பற்றவைத்துக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கினாள் தில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவள் அவள். படித்த படிப்பு இதற்குத்தான் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

அத்தை மகன் வைரக்கண்ணு மெக்கானிக். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். "இத வச்சுக் கோலம்கூடப் போட முடியாது, சேத்துல போவப் போறியா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இன்ஜினைக் கழற்றித் துடைக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

கொல்லைப்புறத்தில் தீப்பொறி பறந்தது! அடியிலிருந்த புல் வெட்டும் தகட்டைக் கழற்றி எறிந்தார்கள். டயர்களுக்குப் பதில், நடவு வயலைச் சேறடிக்கிற கேஜ் வீல் மாதிரி, கம்பியை வளைத்து அகலமான இரும்புச் சக்கரங்கள் செய்தாள் தில்லை. சேற்றை மிதித்துத் தள்ள அவற்றில் பட்டை பட்டையாக ஆங்கிள் இரும்பை வைத்தாள். இரு பக்கமும் மிதவைக்கு நீல டிரம்கள். புகைக்குழாயை ஆள் உயரத்துக்கு நிமிர்த்திவிட்டாள். பின்னால் இழுத்துப் போக, தகரத்தில் படகு மாதிரி ஒரு சறுக்குத் தட்டு. அது எதற்கு என்று வைரக்கண்ணு கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

குளத்தங்கரைச் சேற்றில் வெள்ளோட்டம். நாலு சுற்று சுற்றியதும் 'டொக்' என்று ஒரு பட்டை கழன்றது. பிறகு இன்னொன்று. பற்றவைத்த இடமெல்லாம் ஆப்பம் போல ஓட்டை.

"ராடு நமத்துப் போயிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தில்லை. உப்புக்காற்று அடிக்கிற ஊர். அப்பளமே அரை நாள் தாங்காது, பிரித்து வைத்த ராடு தாங்குமா? அந்த அவசரத்தில் அதை மறந்துவிட்டாள்.

வீட்டுக்குள் ஓடி, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு அதில் ராடுகளைப் பரப்பினாள். அஞ்சலை பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் அலைவது எதற்கென்று அவளுக்கும் எட்டியிருந்தது. எழுந்து வந்து தோசைத் திருப்பியை எடுத்து, ராடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். 'திட்டேம்மா, என் தோசைக்கல்லைக் கெடுத்துட்டியேடின்னு ஒரு வார்த்தை திட்டேன்' என்று தில்லையின் நெஞ்சு கெஞ்சியது. அம்மா வாய் திறக்கவில்லை.

அத்தனை பட்டைகளையும் புதிதாகப் பற்றவைத்தாள். ஒன்றை மட்டும் வைரக்கண்ணு, "நான் என்ன தக்காளித் தொக்கா?" என்று காயவைக்காமல் பெட்டியிலிருந்த ராடையே எடுத்துப் பற்றவைத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்த கையோடு தாவூதையும் சேர்த்து மூவரும் புறப்பட்டார்கள்! ஓதம் ஏறி சதுப்பில் தண்ணீர் புகுவதற்குள் போய்த் திரும்பியாக வேண்டும். தில்லை ஓட்டினாள். தாவூது வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து நீண்ட கழியால் சேற்றைக் குத்திக் குத்தி வழி சொன்னான்.

"எடது பக்கம் ஒடி! வலது பக்கம் புதைகுழி! நேரா போ, நேரா!"

குட்டி டிராக்டர் உறுமியது. சேற்றை அள்ளி மூவர் முகத்திலும் பூசியது. ஆனால் மூழ்கவில்லை. வைரக்கண்ணு ஆனந்தத்தில் விசிலடித்தான். விசில் அடங்குவதற்குள் 'டொக்'! பட்டை ஒன்று கழன்று சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அமிழ்ந்தது.

"யாரு பத்த வச்சது?" என்றான் தாவூது.

வைரக்கண்ணு ஆகாயத்தைப் பார்த்தான்.

"கொப்பு வெட்டி அடியில போடு, சீக்கிரம்!" என்று தில்லை கத்தினாள்.

"நில்லு!" தாவூது, அரிவாள் தூக்கிய வைரக்கண்ணுவின் கையைப் பிடித்தான். "அது தில்லை மரம். பால் தெறிச்சா கண்ணு போயிரும். இவ பேருதான் அதுக்கும்."

"ரெண்டுமே ஆபத்துதான்" என்று முனகியபடி வைரக்கண்ணு கிரைண்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டினான். தில்லை சேற்றில் கழுத்து வரை அமிழப் படுத்து, சுத்தியலால் அடித்து அடித்துப் பட்டையைப் பிடுங்கினாள். தில்லைக் கொப்பில் ஏறி வண்டி நிமிர்ந்தது. தோசைக்கல் ராடில் வைத்த பட்டைகள் ஒன்றுகூட அசையவில்லை.

ஆத்தா திட்டு தெரிந்தது. கொக்குகள் கூட்டமாக எழும்பின. மேட்டின் மேல் படகு கவிழ்ந்து கிடந்தது. முகப்பில் 'அஞ்சலை' என்று அப்பா எழுதிய எழுத்து அழியாமல் இருந்தது.

படகுக்கு அடியில் அவர் இருந்தார். 'இருந்தது' என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அரைஞாணில் கோத்த வெள்ளித் தாயத்துதான் அடையாளம். தில்லை மண்டியிட்டு அந்தத் தாயத்தைத் தொட்டாள். "அப்பா, கூட்டிக்கிட்டுப் போவ வந்திருக்கேன்ப்பா" என்றாள். வைரக்கண்ணு திரும்பி நின்று தேம்பினான்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மேட்டின் உச்சியில் துடுப்பு ஒன்று நட்டிருந்தது. அதன் நுனியில் அப்பாவின் நீலச்சட்டை கந்தலாக ஆடியது.

"காத்துல வந்து மாட்டியிருக்கும், தங்கச்சி" என்றான் தாவூது அவசரமாக. "புயல் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு."

தில்லை உச்சிக்கு ஏறிச் சட்டையைப் பிடித்தாள். சட்டைக் கையில் விழுந்திருந்தது அப்பாவின் வலை முடிச்சு. சின்ன வயதில் அவள் விரலைப் பிடித்துப் போடக் கற்றுக்கொடுத்த அதே முடிச்சு. காற்றுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. புயல் ஓய்ந்த பிறகும் அவர் உயிரோடு நின்றிருக்கிறார். கரையைப் பார்த்துக்கொண்டு மகள் வருவாள் என்று நின்றிருக்கிறார். உப்பில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அம்மா கண்ணில் அது படக் கூடாது. முடிச்சில்லாத சட்டையை அப்பாவின் மேல் போர்த்தினாள்.

"ஓதம் ஏறுது! கிளம்பு, கிளம்பு!"

தார்ப்பாயில் சுற்றிச் சறுக்குத் தட்டில் கிடத்தினார்கள். சேறும் தண்ணீருமாக இருக்கை வரை ஏறியது. டிரம்கள் தூக்கிக் கொடுத்தன. நிமிர்ந்த புகைக்குழாய் விடாமல் புகைவிட்டது. "நின்னுடாதடா, என் ராசா, நின்னுடாத" என்று தில்லை டிராக்டரைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினாள். அது நிற்கவில்லை.

கரையில் ஊரே கூடியிருந்தது. சேற்றைக் கிழித்து வந்த வண்டியைப் பார்த்து ஆரவாரம் போட்டார்கள். பின்னால் வந்த தார்ப்பாயைப் பார்த்ததும் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்கள். கூட்டம் விலகியது. அஞ்சலை வந்தாள். தார்ப்பாயை விலக்கித் தாயத்தைப் பார்த்தாள்.

"ஏய்யா!" என்று ஒரு சத்தம். ஏழு மாதம் கேட்காத சத்தம். "போனு பண்ணத் தெரிஞ்ச மனுசனுக்கு முழுசாச் சொல்லத் தெரியாதா? பொழுது சாஞ்சா வூடு தெரியாதா ஒனக்கு? நான் திட்டுவேன்னு அங்கனயே படுத்துட்டியா? எத்தன நாளு சோத்த மூடி வச்சேன், பாவி மனுசா!"

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அழுகைக்கு நடுவே அவள் கண் மகள்மேல் திரும்பியது.

"நீயும் ஒரு பொண்ணா? அப்பன் எடத்தச் சொன்னா, என்னையச் சொன்னதா நெனைச்சியாடி? திருப்பி ஒரு போனு போட்டுக் கேக்க ஒனக்கு வெரலு இல்லையா?"

அன்றிலிருந்து அந்த ஊரில் போன் பாதியில் அறுந்தால் ஒருவரும் தாங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை. கிடைக்கிற வரை திருப்பி அடித்துக் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை என்றால் ஆளை அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய விலை கொடுத்து ஊர் கற்றது அந்தச் சின்னப் பாடம்தான்.

முடிச்சைப் பற்றித் தில்லை யாரிடமும் சொல்லவில்லை. சேறு காயாத உடம்போடு அம்மாவின் எதிரில் நின்று, ஏழு மாதமாகக் காத்திருந்த அந்தத் திட்டை ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள்.